தானாக ஒடியும் போல்ட்டுகள்

அந்தத் தெருவில் பல் டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் தெருமுனையில், கண்ணாடிக் கதவு போட்ட குளுகுளு அறையில் இருப்பவர்; படித்துப் பட்டம் வாங்கியவர். இன்னொருவர் தெருவின் கோடியில், டயர் கடைக்கும் மரம் இழைக்கும் கடைக்கும் நடுவே, தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர். இவர் பிடுங்குவது ஒடிந்த போல்ட்டுகளை. இவருக்குப் பட்டம் கொடுத்தது தெரு. ஒரு தடவை, கன்னம் வீங்கிய மனிதர் ஒருவர் முகவரி மாறி இவரிடம் வந்து நின்றார். மேசைமேல் கிடந்த சுத்தியலையும் ட்ரில் மெஷினையும் வெல்டிங் கம்பியையும் ஒரு பார்வை பார்த்தார். "இப்போ வலி பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார். அன்றிலிருந்து எல்லோரும் இவரை டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

போல்ட் ஒடிவது என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காக ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளில் புகை போகும் பைப்பை, இன்ஜினின் அலுமினியத் தலையோடு இரண்டு போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தத் தலைக்கு ஹெட் என்று பெயர். வண்டி ஓடும்போது அந்த இடம் கொதிக்கும், நின்றால் ஆறும். கொதித்து ஆறி, கொதித்து ஆறி, மழையிலும் நனைந்து, பத்து வருஷத்தில் இரும்பும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் யாராவது ஸ்பேனரைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்குவார்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கொண்டை கையோடு வந்துவிடும். உடம்பு உள்ளேயே தங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பான். உள்ளே தங்கிய உடம்பை, சுற்றியிருக்கும் மரைக்குச் சேதமில்லாமல் வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் டாக்டரின் பிழைப்பு.

ஆனால் அவருக்குப் பிடித்த வேலை எடுப்பதல்ல, கேட்பது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால், வந்தவர் நெற்றி வியர்வையைத் துடைப்பதற்கு முன்னால், "எப்படி ஒடிஞ்சது?" என்று கேட்பார்.

கடை போட்ட இருபது வருஷத்தில் ஒருவர்கூட உண்மையைச் சொன்னதில்லை. "தானா ஒடிஞ்சது" என்பார்கள் முக்கால்வாசிப் பேர். "சும்மாத் தொட்டேன்" என்பார்கள் சிலர். "வாங்கும்போதே ஒடிஞ்சுதான் இருந்திருக்கும்" என்பார்கள் விவரமானவர்கள். தான் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒடிந்துவிட்டது என்று ஒருவர் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பிறகு போல்ட் வெளியே வந்ததும், ஒடிந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முகம் முழுக்கப் பளபளவென்று இருந்தால் ஒரே மூச்சில் ஒடித்தது. கொண்டையின் மூலைகள் மழுங்கியிருந்தால் அளவு தப்பான ஸ்பேனர். முறுக்கிய கோடுகள் தெரிந்தால், கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இறுக்கியவன். தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், ஸ்பேனரில் ஒரு முழ நீளப் பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நின்றிருந்தார். அதையும் போல்ட் சொன்னது.

எடுத்த போல்ட்டை எறியமாட்டார். ஒரு காகிதத் துண்டில் இரண்டு வரி எழுதுவார். முதல் வரி, 'சொன்னது'. இரண்டாவது வரி, 'நடந்தது'. நூலால் போல்ட்டில் கட்டி பிஸ்கட் டின்னில் போடுவார். டின்கள் ஏழு ஆகிவிட்டன. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி எப்போதாவது ஒரு டின்னைத் திறந்து படிப்பாள். "எங்க காப்பகத்துல மூணு வயசுப் பிள்ளைங்க இதைவிட நல்லாப் பொய் சொல்லும்" என்பாள். மரை கழன்ற மனுஷன் என்று அவரைப் பற்றித் தோழிகளிடம் சொல்லுவதும் உண்டு. அதில் அவருக்குக் கோபமில்லை. எந்த மரை, எப்படிக் கழன்றது என்று கேட்காமல் விட்டால் சரி.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில், முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பச்சை நிறப் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் போடும் வெள்ளை மேலங்கி. வியர்வையில் அது முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாங்கம்மா. எப்படி ஒடிஞ்சது?"

"நான்தான் ஒடிச்சேன்."

டீ டம்ளர் டாக்டரின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"நான்தான் ஒடிச்சேன் அண்ணே. ஒண்ணு இல்ல, ரெண்டு போல்ட்."

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருபது வருஷமாகக் காத்திருந்த விருந்தாளி வந்ததுபோல அவருக்குப் பரபரப்பாக இருந்தது. "உட்காருங்க தங்கச்சி. விவரமாச் சொல்லுங்க."

அவள் விவரமாகத்தான் சொன்னாள். வண்டி அவளுடைய மாமனாருடையது. கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்து ரிட்டயரானவர். முப்பத்தொரு வருஷமாக இந்த வண்டிதான். இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்கும்படி மருமகளிடம் சொல்லியிருந்தார்.

"பண்ணேன். பைப் சேர்ற இடத்துல கரியாப் படிஞ்சிருந்துச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வேற. அந்தச் சத்தம் மாமாவுக்கு ரொம்பப் பெருமை. அது கேட்டாலே மீட்டர்காரர் வர்றார்னு நாலு தெருவுக்குத் தெரியும்பார். எனக்கு என்னமோ அது சத்தமாத் தெரியல, ஓட்டையாத் தெரிஞ்சது. லேசா முடுக்கலாம்னு ஸ்பேனரைப் போட்டேன். கீழ் போல்ட் டிக்குனு போயிடுச்சு. மேல உள்ளது பிடிமானமே இல்லாம சுத்திச்சு, அப்புறம் அப்படியே கையோட வந்துடுச்சு."

"சரி."

"நான் கடையில கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்டுறவ. ஒவ்வொண்ணும் அரிசியில பாதி இருக்கும். ஒருநாள்கூட ஒடிச்சதில்ல." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் லேசாகத் தடுமாறியது. "மாமா வீட்டுக்கு வந்து பதினஞ்சு நாளாச்சு. என்கூட நேராப் பேசறதில்ல. 'தண்ணி வேணும்னு சொல்லு'ன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்றார். என் வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை, வீட்ல நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அந்தப் பைப் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அந்த வீட்ல ஒரு சட்டமே இருக்கு. என் வீட்டுக்காரர் சின்ன வயசுல தொட்டு அடி வாங்கியிருக்கார். ஏன்னு கேட்டா, 'ஒரு பெரிய மெக்கானிக் சொல்லியிருக்கார்'னு மாமா சொல்வார்."

"யாரும்மா அந்தப் பெரிய மெக்கானிக்?"

"தெரியல. நாலு கடையில கேட்டுட்டேன், இந்த ஹெட் இப்போ எங்கயும் கிடைக்காதாம். இது போச்சுன்னா வண்டி பழைய இரும்பு. அப்புறம் ஆயுசுக்கும் நான் எதைத் தொட்டாலும் 'இவ தொட்டா ஒடிஞ்சிரும்'னுதான் பேச்சு. எனக்கு அந்தப் பேர் வேண்டாம் அண்ணே. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஒடிந்த துண்டுகளை வெல்வெட் துணிமேல் பத்திரமாக வைத்திருந்தாள். இப்படி ஒரு மரியாதையை எந்த போல்ட்டும் அதுவரை பார்த்திருக்காது.

டாக்டர் முதலில் கீழ் போல்ட்டின் கொண்டையைக் கழுவி, ஒடிந்த முகத்தைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது நீங்க ஒடிச்சது இல்ல."

"நான்தான் அண்ணே. என் கையிலதான் ஒடிஞ்சது."

"கையில ஒடிஞ்சது வேற, கை ஒடிச்சது வேற. இங்க பாருங்க."

அவள் மேலங்கிப் பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்க்கத் தெரிந்தவள் என்பது அவள் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. "எல்லாம் பழுப்பா இருக்கு. ஒரு ஓரம் மட்டும் நகம் வெட்டின துண்டு மாதிரி பளபளன்னு இருக்கு."

"அந்த நகத்துண்டு மட்டும்தான் நீங்க. மிச்சம் எல்லாம் பல வருஷமா விரிசல் விட்டு, துரு ஏறி, எப்படா விழலாம்னு இருந்தது. ரெண்டு பேர் தூக்க வேண்டிய பாரத்தை ஒருத்தனே தூக்கினா இப்படித்தான் ஆகும்."

"ரெண்டு போல்ட் இருந்துச்சே?"

"இருந்துச்சா?" என்றார் டாக்டர். அவர் கை ஏற்கெனவே மேல் போல்ட்டை எடுத்துவிட்டது. எடுத்துப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அது போல்ட்டே இல்லை. கொண்டை மட்டும் நிஜம். அதற்குக் கீழே ஒரு விரற்கடைத் தண்டு விட்டு அறுத்து, பைப்பின் துளையில் செருகி, பின்பக்கம் சுத்தியால் தட்டி ரிவெட்டாக மடக்கியிருந்தது. வெளியே பார்த்தால் அசல் போல்ட். உள்ளே ஹெட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

"பொய்ப்பல் கட்டியிருக்கான்" என்றார். எழுந்து போய் டார்ச் அடித்து ஹெட்டின் மேல் துளைக்குள் பார்த்தார். குரலில் குஷி ஏறிக்கொண்டே போனது. "வாங்க, வந்து பாருங்க. அசல் போல்ட் உள்ளேயேதான் ஒடிஞ்சு கிடக்கு. எடுக்கலாம்னு ட்ரில் போட்டிருக்கான். அந்த ட்ரில் முனையும் உள்ளே ஒடிஞ்சிருச்சு. ஒடிஞ்சதுக்குள்ள ஒடிஞ்சது. அதுக்கப்புறம்தான் இந்த வேஷம். துளை எவ்வளவு சாய்வாப் போகுது பாருங்க. இவன் இடது கைக்காரன். அவசரக்காரன். யாருக்கோ பயந்தவன். எந்தக் கூமுட்டை வேலையோ."

அவள் லென்ஸை எடுக்காமலே கேட்டாள். "நீங்களும் இடது கைதானே அண்ணே?"

டார்ச் டாக்டரின் இடது கையில்தான் இருந்தது. "ஊர்ல எத்தனையோ இடது கை" என்று சொல்லிக்கொண்டே, ரிவெட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த வாஷரை விரலால் பிரித்தெடுத்து மண்ணெண்ணெயில் போட்டார். கரி கரைந்தது. உள்ளிருந்து துருவே பிடிக்காத எவர்சில்வர் எட்டிப் பார்த்தது. கடையில் வாங்கிய வாஷர் இல்லை, கத்தரியால் வெட்டியது. அதன் ஓரத்தில் பாதிப் பூ ஒன்று, இரண்டரை இதழோடு அச்சாகியிருந்தது.

டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்ன அண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா. மூணு நாள் குடுங்க."

"மாமா தானே நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். என்னை நம்பி விடமாட்டாராம். அதையும் சுவத்துகிட்டதான் சொன்னார்." அவள் லென்ஸை மேசைமேல் வைத்தாள். "இது உங்களுக்கு உதவும். அப்புறம் வாங்கிக்கிறேன்."

அவள் போன பிறகு டாக்டர் அந்த வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இருபத்திரண்டு வயது. ஊரின் மறுகோடியில், ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. முதலாளி கோபக்காரர், அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். சாயங்காலம் டெலிவரி கொடுக்க வேண்டிய வண்டி ஒன்று, கறுப்பு நிறம். இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் நன்றாக இருக்கும் என்று கைக்குத் தோன்றியது; முடுக்கினான், ஒடிந்தது. யாருக்கும் தெரிவதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று ட்ரில் போட்டான், அதுவும் ஒடிந்தது. மணி நாலு. வண்டிக்காரர் ஐந்தரைக்கு வருவார். ரிவெட் அடிக்கும் யோசனை அப்போது அவனுக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. ஆடாமல் இருக்க மெல்லிய வாஷர் வேண்டும். கையில் கிடைத்தது தன் சாப்பாட்டு டப்பாவின் பூப்போட்ட மூடி. வெட்டினான். மூடியில் ஏன் ஓட்டை என்று அம்மா கேட்டதற்கு, சோறு புழுங்காமல் இருக்கக் காற்றோட்டம் என்றான்.

ஐந்தரைக்கு, கக்கத்தில் பையோடு ஒருவர் வந்தார். சாவியைக் கொடுத்தான். "சரி பண்ணிட்டியா தம்பி?" என்று கேட்டார். சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது போதவில்லை. வேறு எந்த மெக்கானிக்காவது பார்த்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அதனால் தோளை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "சார், இனிமே அந்தப் பைப் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீங்க. வச்சா வண்டி கெட்டுப் போயிடும்." அந்த மனிதர் பயபக்தியோடு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள், கறுப்பு வண்டி எது கடந்தாலும் எட்டி அதன் பைப்பைப் பார்ப்பான். ஒடிந்த போல்ட்டை எடுக்க எங்கெங்கோ போய்க் கற்றுக்கொண்டதே அந்தப் பயத்தில்தான். பின்னாளில் யாராவது கேட்டால், சின்ன வயதிலிருந்தே ஆர்வம் என்பார். வண்டி மட்டும் திரும்பி வரவில்லை. கறுப்பு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, அது பச்சையாகிப் பக்கத்திலேயே நாலு தெருவுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எப்படித் தெரியும்? அந்தப் பெரிய மெக்கானிக் யார் என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால் அத்தனை ஆசையாகக் கேட்டோமே என்று நினைத்தபோது அவருக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஓட்டை மூடியை நம்ம கல்யாணத்துக்கு அப்புறம்கூட நான் கழுவியிருக்கேனே. காத்தோட்டம்னுதானே என்கிட்டயும் சொன்னீங்க?"

"அது கிடக்கட்டும். அவர்கிட்ட என்ன சொல்றது? துருப்பிடிச்சுத் தானா ஒடிஞ்சதுன்னு சொன்னாப் போதாதா? கீழ் போல்ட்டைப் பொறுத்தவரைக்கும் அது பொய்கூட இல்ல. அந்தப் பொண்ணுக்கும் நல்ல பேர் கிடைச்சிரும்."

"கிடைக்கும்" என்றாள் அவள். "உங்களுக்கும் கிடைக்கும்." மோரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாள் ஹெட்டைக் கழற்றி மேசைப் பிடியில் இறுக்கினார். கீழ் போல்ட் நல்ல பிள்ளை. நாள் முழுக்க எண்ணெயில் ஊறவைத்தார். மறுநாள் காலை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மொட்டைத் தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் வைத்தார். சிவந்து, மெதுவாக ஆறியதும், மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. ஸ்பேனரைப் போட்டு, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று அசைத்தார். அவசரப்பட்டால் திரும்பவும் டிக் என்று போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து அது கிறீச்சென்று முனகிக்கொண்டு வெளியே வந்தது.

மேல் போல்ட் அவருடைய சொந்தப் பிள்ளை. அப்படியே இருந்தது, இருபத்திரண்டு வயதுப் பிடிவாதத்தோடு. ஒடிந்த ட்ரில் முனை போல்ட்டைவிடக் கடினம். எந்த ட்ரில்லும் அதில் இறங்காது, சறுக்கி மெத்தென்ற அலுமினியத்தைத் தின்றுவிடும். தின்றால் ஹெட் போச்சு. ஊசி போன்ற உளி ஒன்றால் மெல்லத் தட்டித் தட்டி அந்த முனையை உள்ளேயே நொறுக்கினார். ஒவ்வொரு பொடியையும் காந்த ஊசியால் எடுத்துக் காகிதத்தில் வைத்தார். அந்தப் பெண் வைத்துவிட்டுப் போன லென்ஸ் இல்லாவிட்டால் பாதிப் பொடி கண்ணுக்கே தெரிந்திருக்காது. லென்ஸ் வழியாகப் பார்த்தபோது பழைய துளையின் சாய்வு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பக்கம் காகித கனத்துக்குத்தான் இரும்பு மீதி. இன்னும் ரெண்டு நிமிஷம் ட்ரில் ஒடியாமல் இருந்திருந்தால் அன்றைக்கே ஹெட் ஓட்டையாகியிருக்கும். ஒடிந்ததே நல்லதாகப் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது. உடனே, தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் என்ன வேகம் என்றும் தோன்றியது.

துளை நேராகப் போக, லேத்தில் ஒரு சின்னக் குழாயைக் கடைந்து வழிகாட்டியாகச் செருகினார். இடப்பக்கம் சுற்றும் ட்ரில்லைப் போட்டு, நொடிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். மூன்றாம் நாள் மத்தியானம், ட்ரில் எதையோ கவ்வியது. மீதியிருந்த இரும்புத் தோல், சுருண்டுகொண்டு, மரையோடு மரையாகத் தானே சுற்றி வெளியே வந்தது. டாக்டர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மரை முழுசாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சரியாக ஐந்தரைக்கு, ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். மருமகள் கை கொடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்டைப் பூட்டி வண்டி தயாராக நின்றது. பைப்பை மட்டும் டாக்டர் இன்னும் மாட்டவில்லை.

பெரியவர் உட்கார்ந்தார். "இவ ஒடிச்சதை எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சுங்க ஐயா. ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகல."

"நல்லது." ஊன்றுகோலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். "எப்படி ஒடிஞ்சது?"

இருபது வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அது தன்னிடம் கேட்கப்படும் இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"துருங்க. தானா ஒடிஞ்சதுங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபமில்லை, வெறும் ஆச்சரியம்தான். பொய்ப்பல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தவள் அவள்.

"தானா ஒடியறதா இருந்தா என் கையில ஒடிஞ்சிருக்கணும்" என்றார் பெரியவர். "முப்பத்தொரு வருஷம் ஓட்டினவன் நான். இவ ஒருநாள் தொட்டா ஏன் ஒடியணும்?"

நியாயமான கேள்வி. டாக்டரே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அவர் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து பெரியவர் முன்னால் விரித்தார். அதில் ரிவெட், பூப்போட்ட வாஷர், ட்ரில் பொடி, இரண்டு போல்ட்டுகளின் மிச்சம்.

"ஐயா, வண்டி முன்னாடி கறுப்பு நிறம்தானே?"

"ஆமா."

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி ரயில் பாலத்துக்குக் கீழ ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டீங்க. சாவியைக் குடுக்கும்போது, பைப் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீங்கன்னு ஒருத்தன் சொன்னான்."

"ஆமா. பெரிய மெக்கானிக்."

"பெரிய மெக்கானிக் இல்லீங்க. நான்தான்."

இழைப்புக் கடையில் மெஷின் ஓடி நின்றது. டாக்டர் நிறுத்தாமல் சொன்னார். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. "மேல் போல்ட்டை ஒடிச்சது நான். எடுக்கத் தெரியாம ட்ரில்லையும் ஒடிச்சேன். பயந்துபோய் இதை ஒட்ட வச்சு மறைச்சேன். அதுலேருந்து கீழ் போல்ட் ஒண்ணே ரெண்டு பாரத்தையும் சுமந்துச்சு. அதான் விரிசல். உங்க மருமக கைக்கு வந்தது கடைசி நகத்துண்டுதான். அவங்க தொடாம இருந்திருந்தா, ஓடுற வண்டியில பைப் கழண்டு காலுக்குக் கீழ விழுந்திருக்கும். தப்பு முழுக்க என்னோடது. மன்னிச்சுக்குங்க."

பெரியவர் வாஷரை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அந்தப் பெண் லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ அந்தப் புஸ்ஸு புஸ்ஸுங்கிற சத்தம்?"

"மேல பிடிமானம் இல்லாததால புகை கசியுற சத்தம்ங்க."

"என் வண்டிக்கு மட்டும் இருந்துச்சே, அந்தச் சத்தம்."

"உங்க வண்டிக்கு மட்டும்தான் நான் செஞ்சேன்."

பெரியவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "கடைசி இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு திருட்டுக் கரண்ட்கூட நான் பிடிச்சதில்ல. என் ஏரியாவுல திருடனே இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தெருமுனையிலயே சத்தத்தைக் கேட்டு எல்லாவனும் கொக்கியைக் கழட்டியிருக்கான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் திரும்பி, பதினெட்டு நாளில் முதல் தடவையாக, மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"லூஸா இருக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"கரி படிஞ்சிருந்துச்சு மாமா. கையை வச்சேன், காத்து வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பார்த்தா தெரியுது."

"நான் பார்க்கவே இல்லையேம்மா" என்றார் பெரியவர். "இருபத்தாறு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். குனிஞ்சு ஒருநாள் பார்க்கல. பார்த்த உன்னைப் போய்..." மீதியை அவள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் புது போல்ட்டுகள் இரண்டையும் ஸ்பேனரையும் எடுத்தார். பெரியவர் ஊன்றுகோலால் தடுத்தார். "நீ வேண்டாம் தம்பி. உன் கை போதும். அவ முடுக்கட்டும்."

அவள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி முடுக்கினாள். டாக்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிற இடம் வந்தது. அவள் அந்த இடத்தில் நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துவிட்டாள்.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. எல்லா வண்டியும் போடுகிற சத்தத்தைத்தான் போட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, யார் வண்டியோ மாதிரி இருக்கிறது என்றார். ஆட்டோவை அனுப்பிவிட்டு மருமகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் உட்காரலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, மூன்று தெருதான், அவள் மெதுவாக ஓட்டுவாள் என்று அவரே பதில் சொன்னார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் எட்டாவது டின்னை எடுத்தார். ரிவெட்டையும் வாஷரையும் ஒரே நூலில் கோத்தார். காகிதத்தில் எழுதினார். வேலை முடிந்து அந்த வழியாக வந்த மனைவி, தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'சொன்னது: தானா ஒடிஞ்சது.'

"அவர் அப்படியா சொன்னார்?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் சொன்னேன்" என்றார் டாக்டர். இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதி, நூலைக் கட்டி, டின்னில் போட்டு மூடினார்.